ஒரு படி தவிடு

“பின்வாசலா? நான் இன்னா பொண்ணைப் பின்வாசல்லயா வாங்கினேன்? ஊரே பாக்க முன்வாசல்ல நின்னு படி அளந்து வாங்கினேன், ஆண்டே! அன்னிக்கு வாய் நெறைய ‘வா சிட்டம்மா’ன்னு கூப்ட்டீங்கோ. இன்னிக்கு மாட்டுக்கொட்டா வழியா வான்னா, நான் சீலை வாங்க வர்றேனா, புண்ணாக்கு வாங்க வர்றேனா?”

“மெதுவாப் பேசு. சீலை கெடையாதுன்னா சொன்னேன்? எந்தப் பக்கம் வாங்கினா இன்னா, சீலை சீலைதானே?” என்றார் ஏகாம்பரம்.

“அப்போ சம்பந்தியம்மாவையும் மாட்டுக்கொட்டா வழியா கூப்புடு. எந்தப் பக்கம் வந்தா இன்னா, சம்பந்தி சம்பந்திதானே?”

இந்த இடத்தில் தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று ஏகாம்பரம் திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு முழுவதும் கோலம் போடுவதிலும் குடம் துலக்குவதிலும் முழுகிவிட்டது. உச்சி வெயிலில் கோலம் போடுகிற பெண்களைக் காவாந்தண்டலத்தில் அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது.

வீட்டுக்குள்ளே, ஜன்னலுக்குப் பின்னால், ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுலோச்சனா நின்றிருந்தாள். ஏகாம்பரத்தின் ஒரே மகள். தை பிறந்தால் கல்யாணம். சிட்டம்மாள் எதை வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகட்டும், அந்தப் பேரை மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தாள். சாமிகளுக்கும் அன்றைக்குக் கோலம் போடுகிற வேலை இருந்திருக்க வேண்டும்.

“உன்னாண்ட எனக்கு இன்னா பேச்சு? எம் பொண்ணைக் கூப்புடு, நான் அதாண்ட பேசிக்கிறேன். குப்பு! ஏ குப்பம்மா! வெளிய வாடி!”

சுலோச்சனா ஜன்னல் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம்தான் பதில் என்று தெரு எடுத்துக்கொண்டது.

விஷயம் புதிதில்லை. ஏகாம்பரத்துக்கும் செல்லம்மாளுக்கும் முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும், அந்தப் பக்கத்து வழக்கப்படி, குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். வேண்டாமென்று வீசிய பண்டத்தை எமன் சீண்ட மாட்டான் என்று நம்பிக்கை. எமனுக்கு அவ்வளவுதான் புத்தி என்று முடிவு கட்டுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்தான். பிறகு ஒருத்தி வந்து அந்தக் குழந்தையைத் தவிட்டுக்கு விலை பேசி வாங்க வேண்டும். வாங்குகிறவள் பெற்றதெல்லாம் உயிரோடு தங்கினவளாக இருக்க வேண்டும். தெருவில் தேடினார்கள். ஒருத்திக்கு ஒன்று போயிருந்தது, இன்னொருத்திக்குக் கருவிலேயே கலைந்திருந்தது. பெற்ற பிள்ளைகள் அத்தனையும் தங்கி, அத்தனையும் புழுதியில் உருண்டு கொழுகொழுவென்று திரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் காலனியில் இருந்தாள். ஏகாம்பரத்தின் கழனியில் நாற்று நட வருகிற சிட்டம்மாள்.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுகிற வீடு அது. தீட்டுக்குப் பயந்த அந்த வீடு, எமனுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தது. முன்வாசலுக்கு அவளைக் கூப்பிட்டு, மேளம் ஒன்றுதான் குறை, பச்சைக் குழந்தையை அவள் கையில் கொடுத்தார்கள். சிட்டம்மாள் ஒரு படி தவிடு அளந்தாள். “குப்பையில கெடச்சுது, குப்பம்மா” என்று பேரும் வைத்துத் தன் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் செல்லம்மாள் போய் மீட்டுக்கொண்டு வந்தாள். அங்கேதான் கோளாறு நடந்தது. ஒரு படி அரிசியைக் கொடுத்து, “எம் பொண்ணை எனக்கே குடு” என்று திருப்பி விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். செல்லம்மாள் அரிசியையும் எடுத்துப் போகவில்லை. அந்த வார்த்தையையும் சொல்லவில்லை. “வளத்துத் தரேன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “இவ கண்ணாலத்துல மொதல் சீலை உனக்குத்தான்” என்று வேறு சொன்னாள். வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னாளா என்று கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

சிட்டம்மாள் அந்த வார்த்தையை விடவில்லை. ஒவ்வொரு நடவுக்கும் வரும்போது, “எம் பொண்ணு நல்லா வளருதா?” என்று விசாரிப்பாள். பனங்கிழங்கு கொண்டு வந்து வாசலில் வைப்பாள். பாசம் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆண்டை வீட்டுப் பெண் தன் பெண் என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “ஆமா, அதான் உன்னை மெத்தையில குந்தவச்சிக் காத்து வீசுறாங்கோ” என்று அங்கே அவளைக் கேலி பேசினார்கள். அந்த வாய்களை அடைக்கத்தான் அவளுக்கு முன்வாசலும் முதல் சீலையும் வேண்டியிருந்தது.

சுலோச்சனாவுக்கோ அந்தப் பனங்கிழங்கைப் பார்த்தாலே முகம் சுண்டிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சுலோச்சனா என்று எழுதியதிலிருந்து அவளைப் பொறுத்தவரை குப்பம்மாள் செத்துப் போய்விட்டாள். உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் படித்தாள். மழையில்லாத நாளிலும் குடை பிடித்தாள். கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில் பவுடர் ஒரு வரப்பு போட்டு நிற்கும். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை அவளுடைய ‘ழ’. ஊரில் கிழவன் கிய்வன், மழை மயை, பழம் பயம். இவள் ஒருத்தி மட்டும் நாக்கை மடித்து, மேலண்ணத்தில் ஒட்டி, பாயசத்தைச் சப்புக்கொட்டுகிற மாதிரி ‘ழ’ சொல்லுவாள். சொல்லாதவர்களைத் திருத்துவாள். கறிகாய்க்காரி, கண்டக்டர், பெற்ற தாய், ஒருவரையும் விட்டதில்லை.

அவளுக்கு ஓர் அத்தை மகன் உண்டு. தென்னேரியில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிற கன்னியப்பன். நகத்துக்குள் கருப்பு எண்ணெய், காது இரண்டும் கதவு திறந்து வைத்த மாதிரி விரிந்திருக்கும். ஒரு பொங்கலுக்கு வந்தவன், “வாயப்பயம் வாங்கியாந்தேன் குப்பு” என்று ஒரு சீப்பை நீட்டினான். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ழ’வையும் கொன்றுவிட்டு, செத்தவளையும் எழுப்பிவிட்டான்.

“வாழைப்பழம்னு சொல்ல வராதவரோட என்னால வாழ முடியாது” என்று சுலோச்சனா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கன்னியப்பன் காதெல்லாம் சிவந்து அடுத்த பஸ்ஸுக்குப் போனான். பழத்தை வீட்டார் தின்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த வரன்தான் வேதகிரி. சொந்த ஊர் பெருநகர், அம்பத்தூரில் கம்பெனி வேலை. டெரிலின் சட்டை, மடித்த கைக்குட்டை, அளவாக ஒரு மீசை. மூக்கின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம். அதுகூட ஒரு களையாகத்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, “கோழி எல்லாம் வளர்க்கிறீங்களா?” என்று கேட்டான். கேள்வி அப்படியொன்றும் உயர்ந்ததில்லை. ஆனால் அந்தக் ‘கோழி’யில் ‘ழ’ சுத்தமாக விழுந்தது. சுலோச்சனாவுக்கு அன்றைக்கே அம்பத்தூரில் வீடு பார்த்தாகிவிட்டது. அந்த வீட்டில் குப்பு என்று கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது.

இப்போது சிட்டம்மாள் நடுத்தெருவில் நின்று கூப்பிட்டுவிட்டாள்.

காவாந்தண்டலத்திலிருந்து பெருநகருக்குப் பேச்சு போவதற்குப் பஸ் தேவையில்லை. மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாள் தரகரிடம் சொல்லி அனுப்பினாள்: வெள்ளிக்கிழமை நேரில் வருகிறோம், அந்தப் பொம்பளை எங்கள் எதிரில் வந்து, பெண்ணை அன்றைக்கே திருப்பி விற்றுவிட்டேன் என்று சொல்லட்டும், பிறகு பத்திரிகை அடிக்கலாம்.

ஏகாம்பரத்துக்கு நாஷ்டா இறங்கவில்லை. “இன்னா பேஜாருடா இது” என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “நீதானே வாங்காம வந்தே!” என்று செல்லம்மாளைக் கேட்டார். செல்லம்மாளுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

சுலோச்சனா யாரிடமும் சொல்லாமல், மாட்டுக்கொட்டகை வழியாக, கழனிக்குப் போனாள். ஆமாம், அதே வழிதான்.

சிட்டம்மாள் களை எடுத்து முடித்து வரப்பில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். சேற்றில் செருப்பு அழுந்தாமல் கொக்கு மாதிரி வந்து நின்ற சுலோச்சனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா, வெயில்ல வந்துக்கீற? குடை உருகிடப் போவுது.”

“ஒரு விஷயம் கேக்கணும். நீங்க...” என்றாள் சுலோச்சனா. பிறந்ததிலிருந்து சிட்டம்மாளை அவள் ‘நீங்க’ என்று சொன்னதில்லை.

“யம்மாடி, ‘நீங்க’வா? அப்போ பெருசாத்தான் கேக்கப் போற.”

“வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. திருப்பி வித்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சீலை பட்டுலயே வாங்கித் தரச் சொல்றேன்.”

சிட்டம்மாள் வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினாள்.

“பட்டா? இன்னா கலரு?”

“எந்தக் கலர் வேணும்?”

“கத்திரிப்பூ.” கொஞ்சம் யோசித்தாள். “பொய்தானே, சொல்றேன். நான் சொல்லாத பொய்யா? உங்க நைனாவாண்ட மேல்வலின்னு சொல்லிட்டு உத்திரமேரூர் டாக்கீசுக்குப் போயிருக்கேன். சொல்றேன். ஆனா நீ ஒண்ணு சொல்லு. உம் பேரு இன்னா?”

சுலோச்சனாவுக்குப் புரிந்தது. வரப்பில் வேறு ஆள் யாரும் இல்லை. ஒரு கொக்கும் ஒரு நண்டும்தான் இருந்தன. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“சுலோச்சனா.”

“நெசமா?”

“சுலோச்சனாதான்.”

“அப்போ நமக்குள்ள இன்னா கீது?” சிட்டம்மாள் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தாள். “நான் வாங்கினது குப்பம்மாவை. சுலோச்சனாவை நான் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. வூட்டுக்குப் போ பொண்ணே, கறுத்துடப் போற.”

வெள்ளிக்கிழமை வந்தது. ராணியம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். கழுத்தில் கிடந்த சங்கிலியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காபித் தம்ளரை ஒரு தரம் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் குடித்தாள். பேச்சு மட்டும் தேன்.

“தவுட்டுக்கு வித்தது ஒண்ணும் தப்பில்லீங்க சம்பந்தி. ஊர்ல உலகத்துல நடக்கறதுதான். ஆனா திருப்பி வாங்கலன்னு சொல்றாங்களே! அப்போ பொண்ணு எந்த வூட்டுப் பொண்ணு? சீர்வரிசைத் தட்டை நாங்க இந்தத் தெருவுக்கு எடுத்தாரணுமா, இல்ல காலனிக்கு எடுத்துக்கினு போவணுமா? எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன்.”

“அதெல்லாம் அன்னிக்கே வாங்கியாச்சுங்க. கெட்டியா வாங்கியாச்சு” என்றார் ஏகாம்பரம். பெண்ணை வாங்குவதில் கெட்டி என்ன, இளசு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வேதகிரி கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். சுலோச்சனா கதவோரம் நின்றாள். அம்மா கேட்ட கேள்விக்கு அவன் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கரண்ட் இல்லாமல் நின்றிருந்தது.

சிட்டம்மாளுக்கு ஆள் அனுப்பினார்கள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சீலையாக உடுத்திக்கொண்டு வந்து முன்வாசலில் நின்றாள். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். தெருவும் வந்தது. இந்தத் தடவை கோலமாவைக்கூட எடுக்கவில்லை. வெறுங்கையோடு வந்து நின்று பார்த்தார்கள்.

“இந்தாம்மா” என்றாள் ராணியம்மாள், இறங்காமல், மேல்படியில் நின்றபடி. “இந்தப் பொண்ணை இவங்களுக்குத் திருப்பி வித்தியா, இல்லியா?”

“எந்தப் பொண்ணும்மா?”

“தோ நிக்குதே, இதை.”

“இது யாரு?”

“சுலோச்சனா.”

சிட்டம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்து, தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிறவள் மாதிரி சுலோச்சனாவைப் பார்த்தாள்.

“சுலோச்சனாவா? அப்டி யாரையும் நான் வாங்கலம்மா. வாங்காததை எப்டி விக்கறது? ஊர்ல எவனாவது குடிச்சிட்டு ஒளறியிருப்பான்.”

ஏகாம்பரம் விட்ட மூச்சில் வாசல் தோரணம் ஆடியது. “பாத்தீங்களா! நான்தான் சொன்னேனே!” ராணியம்மாளின் முகமும் இளகிற்று. வேலை முடிந்தது. சுலோச்சனா கேட்டதற்கு மேலேயே சிட்டம்மாள் கொடுத்துவிட்டாள். விற்றேன் என்று சொல்லவில்லை, அப்படி ஒருத்தியே கிடையாது என்று சொல்லிவிட்டாள். இதற்குத்தானே ஆசைப்பட்டது? ஆனாலும் சுலோச்சனா உள்ளே போகாமல் சிட்டம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிட்டம்மாள் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே போயிருந்தால் அம்பத்தூரில் பால் காய்ச்சியிருப்பார்கள். அவள் பார்வை வேதகிரியின் மூக்கில் விழுந்தது. நின்றாள். கிட்ட வந்தாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

“இன்னா தம்பி,” என்றாள் வாஞ்சையாக, “உன்னை எவ வாங்கினா?”

தெரு ஒரு எட்டு முன்னால் வந்தது.

பெற்ற பிள்ளை தங்காத வீட்டில் ஆண் பிறந்தால் மூக்குக் குத்தி வளையம் போடுவார்கள். மூக்கன் என்பார்கள், இல்லாவிட்டால் நாலு வீட்டில் அரிசி ஏந்திப் பிச்சை என்று பேர் வைப்பார்கள். பெரியவனானதும் வளையத்தைக் கழற்றலாம். ஓட்டையைக் கழற்ற முடியாது. இது அந்த வாசலில் நின்ற கைக்குழந்தை வரைக்கும் தெரிந்த விஷயம். களை என்று பார்த்து மயங்கியவளுக்கு மட்டும்தான் தோன்றாமல் போனது.

வேதகிரியின் கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

“அம்மை!” என்றாள் ராணியம்மாள். தேன் அப்படியே புளித்துவிட்டது. “சின்னதுல அம்மை போட்டுது. வந்துட்டா மூக்கைப் பாக்க!”

“அம்மையா? அம்மைக்கு இன்னா தட்டான் வேலை தெரியுமாம்மா? கம்பி வச்சிக் குத்தின மாதிரி ரவுண்டாக் குத்திட்டுப் போயிருக்கா!”

“அம்மைதாங்க,” என்றான் வேதகிரி. கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் மூக்கால் வந்தது. “அம்மைத் தழும்பு.”

தழும்பு. நாக்கை மடித்து, மேலண்ணத்தில் ஒட்டி, அப்பழுக்கில்லாத ‘ழ’.

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைப்ரைட்டிங் படித்த சிரிப்பு இல்லை. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாகப் பீறிடுகிற, குழந்தையில் செல்லம்மாள் கிள்ளிக் கிள்ளி அடக்கிய பழைய சிரிப்பு. அம்பத்தூர் வீடு அவளுக்கு இப்போது முழுசாகத் தெரிந்தது. இவள் பேரைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு மூலையில். நடுவில் ராணியம்மாள் தம்ளரைத் துடைத்துக்கொண்டு. இரண்டு பேரும் சாகும் வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சுத்தமாக ‘ழ’ சொல்லிக்கொள்ளலாம்.

சிரிப்பை நிறுத்திக்கொண்டு படியிறங்கி அவன் எதிரில் வந்தாள்.

“உங்க பேரு இன்னா?” என்றாள்.

“சுலோச்சனா, உள்ள போ” என்றார் ஏகாம்பரம்.

“பேரு கேக்கறேன் நைனா. பேரு கேக்கக் கூடாதா? நெசப் பேரு.”

வேதகிரி அவளைப் பார்த்தான். ஒரு கணம் கைக்குட்டை இறங்கிய மாதிரிதான் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தான்.

“வேதகிரி” என்றான்.

அன்றைக்கு அவன் ‘பிச்சை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுலோச்சனா அவனையே கட்டியிருப்பாள் என்று தெருவில் ஒரு கட்சி. கட்டியிருக்க மாட்டாள், மூக்கனா என்று அதற்கும் முகம் சுளித்திருப்பாள் என்று எதிர்க்கட்சி. அவளுக்கே தெரியாத விஷயத்தில் தெரு தலையிட்டு என்ன?

“அப்போ சரி” என்றாள் சுலோச்சனா. தெரு பக்கம் திரும்பினாள். “சிட்டம்மா, போவாத, நில்லு. இவங்க கேட்டதுக்கு நான் சொல்றேன். எங்கம்மா என்னைத் திருப்பி வாங்கல. வளத்துத் தரேன்னுதான் இட்டாந்தாங்க. எம் பேரு குப்பம்மா.”

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஓட்டை மூக்குக்காகவா இத்தனை வருஷம் நாக்கு நோக மடித்தோம் என்கிற ஆத்திரம்தான் முக்கால்வாசி. மிச்சம் கால்வாசி என்னவென்று வேண்டுமானால் அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

ராணியம்மாள் சங்கிலியை உள்ளே தள்ளிக்கொண்டாள். “கெளம்புடா! காலனிப் பொண்ணு கேட்டா நாம இம்மாந் தூரம் வந்தோம்?” மகனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். போகிறபோது தெருவில் ஒருத்தி, “பாத்தும்மா, அம்மை திரும்பப் போட்டுடப் போவுது!” என்றாள்.

ஏகாம்பரம் மகளை விட்டுவிட்டு மனைவி மேல் பாய்ந்தார். “எல்லாம் உன்னாலதான்! ஒரு படி அரிசிக்கு இந்த வூட்ல பஞ்சமா? அன்னிக்கே குடுத்து வாங்கித் தொலைச்சிருந்தா இன்னாடி?”

அன்றைக்குச் செல்லம்மாளின் அடுப்பில் எதுவும் தீயவில்லை.

“பயமா இருந்துச்சு,” என்றாள். “வாங்கினா அது என்னுதுன்னு ஆயிடும். மொதல் ரெண்டும் என்னுதுதானே.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, குடித்து வைத்த காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. சிட்டம்மாள் மட்டும், “கத்திரிப்பூ கலரு, ஞாபகம் கீதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கன்னியப்பன். உடனே சம்மதித்துவிட்டான் என்று நினைக்கக் கூடாது. “வாயப்பயம் வராதவனை இப்போ இன்னாத்துக்குத் தேடறீங்கோ?” என்று ஆறு மாதம் முறுக்கிக்கொண்டான். ஏகாம்பரம் நடையாய் நடந்தார். கடைசியில் சுலோச்சனாவே தென்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் இன்ஜின் ஷெட்டில் நின்றாள். என்ன பேசினார்கள் என்பது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டுவிட வேண்டுமென்று போனவர்களுக்கும் கேட்கவில்லை.

பத்திரிகையில் ‘சுலோச்சனா என்கிற குப்பம்மாள்’ என்று அச்சடித்தார்கள். குப்பம்மாள் என்கிற சுலோச்சனாவா, சுலோச்சனா என்கிற குப்பம்மாளா என்று அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரம் சண்டை.

அந்தச் சண்டையில் தோற்ற ஏகாம்பரம், வாசல் விஷயத்தில் மூளையைச் செலவு செய்தார். சிட்டம்மாள் முன்வாசலில்தான் வருவாள், நல்லது, வரட்டும். முன்வாசல் எது என்பதை முடிவு செய்கிறவர் அவர்தானே? முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் கட்டியிருந்த வாழை மரங்களை அவிழ்த்து, மாட்டுக்கொட்டகைப் பக்கத்துச் சந்தில் கட்டினார். பந்தக்காலும் சீரியல் லைட்டும் அங்கே போயின. “வாஸ்து” என்றார் கேட்டவர்களிடம். மாடுகள் வாழை இலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

காலையில் சிட்டம்மாள் தன் பிள்ளைகள், மருமகள்கள், கேலி பேசிய காலனிப் பெண்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வந்து, வாழை மரமில்லாத பழைய வாசலில் நின்றாள். ஏகாம்பரம் கொட்டகைப் பக்கம் நின்று சம்பந்திகளுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். மணப்பெண் எழுந்தாள். கத்திரிப்பூப் பட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு பழைய வாசலுக்கு நடந்தாள். மணப்பெண் போகிற பக்கம் நாதசுரக்காரர் போனார். நாதசுரம் போன பக்கம் கூட்டம் போனது. சந்தனக் கிண்ணத்தோடு ஏகாம்பரமும் இரண்டு மாடுகளும் மட்டும் அங்கே நின்றார்கள்.

சிட்டம்மாள் இரண்டு கையாலும் சீலையை வாங்கினாள். கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெயிலில் பிரித்துப் பிடித்து, “கத்திரிப்பூன்னேன், இது நாவப்பயம் மாதிரி கீதே” என்றாள்.

“வாயமரம் ஏன் மாட்டாண்ட கட்டிக்கீது?” என்று கன்னியப்பன் அப்போதுதான் கவனித்துக் கேட்டான்.

சுலோச்சனாவின் நாக்கு தானாக மடிந்தது. திருத்த வாயைத் திறந்தாள். “உங்க மாமாவைக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பொறுமை அன்று ஒரு நாளைக்குத்தான். மறுநாளே திருத்த ஆரம்பித்துவிட்டாள் என்றும், அவன் இன்னும் திருந்தவில்லை என்றும் கேள்வி.

இரண்டு பேரும் மதுராந்தகத்துக்குக் குடி போய் அங்கே பம்ப்செட் கடை வைத்தார்கள். போர்டில் ‘சுலோச்சனா இன்ஜின் ஒர்க்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ‘என்கிற’ எழுத இடம் போதவில்லையாம். கடைக்குள் அவன் “குப்பு” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் முறைக்கிறாள். வேதகிரிக்கு வாலாஜாபாத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாண போட்டோவில் அவன் இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கிறான். மணப்பெண் வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கிறது.

சிட்டம்மாளைக் கடைசி மகன் மெட்ராசுக்குத் தன்னோடு கூட்டிப் போனான். அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். ஸ்டாப்பிங்கில் செல்லம்மாள் நின்றிருந்தாள்.

“வளத்துட்டியா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் சிட்டம்மாள்.

“வளத்துட்டேன்.”

“சரி, போவட்டும். நீயே வச்சிக்கோ.”

செல்லம்மாள் வீட்டுக்கு ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு படி அரிசியை முந்தானையில் கொட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பஸ் ஏரிக்கரை திரும்பிவிட்டது. இன்னாத்துக்கு அரிசி என்று தெரு கேட்டது. கோழிக்கு என்றாள். அவர்கள் வீட்டில் கோழியே கிடையாது.